நடுவில் ஒன்றும் வைக்காத ரொட்டி

அமெரிக்கப் பள்ளி ஒன்றில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் படித்தான். அப்பா வீட்டில் இல்லை. அம்மா குடிக்கு அடிமை. பிள்ளைக்கு மதியச் சாப்பாடு கட்டிக்கொடுக்க அந்த வீட்டில் ரொட்டியைத் தவிர வேறு எதுவும் இருக்காது. ஆனாலும் அவன் ஒருநாளும் வெறுங்கையோடு பள்ளிக்கு வந்ததில்லை. இரண்டு ரொட்டித் துண்டுகளை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பையில் போட்டுக்கொள்வான். நடுவில் வெண்ணெய் இல்லை, ஜாம் இல்லை, ஒன்றுமே இல்லை. தள்ளி உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு அது சாண்ட்விச்தான். மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சிரித்த முகத்தோடு அதைத் தின்று முடிப்பான்.

இந்தப் பையனைப் பற்றி உலகத்துக்குச் சொன்னவர் மின்னசோட்டா பல்கலைக்கழகத்து உளவியலாளர் நார்மன் கார்மெஸி. அவர் பள்ளி பள்ளியாகப் போய்த் தலைமையாசிரியர்களிடம் ஒரு கேள்வி கேட்பார். குடும்ப நிலைமையைக் கேட்டதும் இது என்ன ஆகுமோ என்று நீங்கள் பயந்த பிள்ளை, இன்று பார்த்தால் பெருமைப்படும்படி இருக்கிற பிள்ளை, அப்படி யாராவது உங்கள் பள்ளியில் உண்டா? கேட்டதும் வெகுநேரம் பதில் வராதாம். கெட்டுப்போன பிள்ளைகளின் பட்டியல் எல்லாப் பள்ளியிலும் கைவசம் இருந்தது. நன்றாக இருக்கிற பிள்ளையைப் பற்றி அதுவரை யாரும் விசாரித்ததில்லை.

அந்த ரொட்டியை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. பசியை மறைக்கும் வேலை அதில் பாதிதான். தன் மேல் யாரும் இரக்கப்பட்டுவிடக் கூடாது, தன் அம்மாவின் இயலாமை யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்று ஒன்பது வயதில் அவன் எடுத்துக்கொண்ட காவல் வேலை மீதிப் பாதி. தடுமாறுகிற பெற்றோரிடம் வளரும் பிள்ளைகள் இரண்டு தொழில்களைச் சிறுவயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள். ஒன்று, பெரியவர்களின் முகத்தைப் படிப்பது. மற்றொன்று, வீட்டை வெளியாருக்குத் தெரியாமல் மறைப்பது. இந்த இரண்டு தொழில்களும் மூளையையும் உடம்பையும் பிற்கால வாழ்க்கையையும் என்ன செய்கின்றன என்பதை அறுபது எழுபது ஆண்டுகளாக விஞ்ஞானிகள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இதே மறைப்பு வேலையை இன்னொரு பள்ளியில் இன்னொரு பிள்ளை செய்தாள். மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் வெல்ச் என்ற நிலக்கரி ஊர். மதிய இடைவேளையில் அந்தப் பெண் கழிப்பறையில் போய் ஒளிந்துகொள்வாள். மற்ற மாணவிகள் குப்பைத் தொட்டியில் வீசிவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துத் தின்பாள். பின்னாளில் நியூயார்க்கில் பத்திரிகையாளராக வலம் வந்த ஜெனட் வால்ஸ்தான் அவர். 2005-இல் வெளிவந்த அவருடைய ‘தி கிளாஸ் காஸில்’ என்ற நினைவுநூல் உலகம் முழுக்க வாசிக்கப்பட்டது.

அவருடைய அப்பாவைக் கொடியவர் என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துவிட முடியாது. அபாரமான மூளைக்காரர். கணக்கும் இயற்பியலும் மண்ணியலும் பிள்ளைகளுக்குத் தானே சொல்லிக்கொடுத்தார். கிறிஸ்துமஸுக்குப் பரிசு வாங்கக் காசில்லாத ஒரு வருடம், பாலைவன இரவில் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே வெளியே அழைத்துப் போய், வானத்தில் உனக்குப் பிடித்த நட்சத்திரத்தை எடுத்துக்கொள் என்றார். ஜெனட் வெள்ளியைக் கேட்டாள். அது நட்சத்திரம் இல்லை, கிரகம் என்று விளக்கிவிட்டு அதையே கொடுத்தார். குடித்தால் அதே மனிதர் வேறு ஆள். மகள் உண்டியலில் சேர்த்த பணத்தையும் எடுத்துப் போவார். சூரிய ஒளியில் இயங்கும் கண்ணாடி மாளிகை கட்டித் தருகிறேன் என்று வரைபடம் போட்டு வைத்திருந்தார். பிள்ளைகள் அதற்காக அஸ்திவாரக் குழியும் தோண்டினார்கள். குப்பை வண்டிக்குக் கொடுக்கக் காசில்லாததால் வீட்டுக் குப்பை முழுவதும் அந்தக் குழிக்குள் போனது. அம்மா ஓவியர். சமையல் ஒரு மணி நேரத்தில் தின்று தீர்ந்துவிடும், ஓவியம் நிலைக்கும் என்ற கட்சி. மூன்று வயதில் ஜெனட் நாற்காலி போட்டு ஏறி அடுப்பில் தானே சமைத்துக்கொண்டிருந்தபோது உடையில் தீப்பிடித்தது. ஆறு வாரம் மருத்துவமனையில் கிடந்தாள்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஊர் உலகத்தைப் போல் வாழாத பெற்றோர் என்பது வேறு, தடுமாறுகிற பெற்றோர் என்பது வேறு. நம் பேச்சில் இரண்டும் குழம்பிவிடுகின்றன. 1970-களின் நடுவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தைச் சேர்ந்த பெர்னிஸ் ஐடூசன், தாமஸ் வைஸ்னர் ஆகியோர் சுமார் 200 குடும்பங்களைப் பின்தொடரத் தொடங்கினார்கள். கூட்டுக் குடில்களில் பலரோடு வாழ்ந்தவர்கள், கல்யாணம் செய்யாமல் சேர்ந்திருந்தவர்கள், தனியாகப் பிள்ளை வளர்க்க முடிவெடுத்த பெண்கள், ஒப்பிட்டுப் பார்க்கச் சராசரிக் குடும்பங்கள். ஹிப்பிக் காலத்துப் பிள்ளைகள் நாசமாகிவிடுவார்கள் என்று ஊரே பேசிய காலம் அது. பிள்ளைகள் வளர்ந்தார்கள், பள்ளிக்குப் போனார்கள். மொத்தமாகப் பார்த்தால் மற்றப் பிள்ளைகளைவிட அவர்கள் மோசமாகிவிடவில்லை. தாங்கள் தேர்ந்த வாழ்க்கையில் உறுதியாக நின்ற பெற்றோரின் பிள்ளைகள் நன்றாகவே படித்தார்கள். பிள்ளைக்குத் தொல்லை, பெற்றோரின் விநோதத்திலிருந்து வருவதில்லை. நாளைக்கு அப்பா எப்படி இருப்பார் என்று தெரியாததிலிருந்து வருகிறது.

குடிக்கிற அப்பா இருக்கும் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். வண்டி வந்து நிற்கிற சத்தத்திலேயே சொல்லிவிடுவார்கள். ஸ்டாண்ட் போடும் விதம், செருப்பைக் கழற்றும் விதம், கதவுத் தாழ்ப்பாளில் கை தடவுகிற நேரம், எல்லாம் அவர்களுக்குச் செய்தி. அதற்குள் தம்பியின் வாயை மூடி, டிவியை அணைத்து, புத்தகத்தை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். இது பயிற்சியால் வந்த புலனறிவு என்பதை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் செத் பொல்லாக் ஆய்வுக்கூடத்தில் காட்டினார். திரையில் ஒரு முகம். முதலில் புகைமூட்டமாக, ஒன்றுமே புரியாதபடி இருக்கும். படிப்படியாகத் தெளிவாகும். இந்த முகத்தில் என்ன உணர்ச்சி என்று சொல்ல வேண்டும். வீட்டில் அடிவாங்கி வளர்ந்த பிள்ளைகள் கோபத்தை மட்டும் மற்றவர்களுக்கு முன்பே கண்டுபிடித்தார்கள். பாதி முகம்கூடத் தெளியாதபோதே, கோபம் என்றார்கள். சந்தோஷ முகத்தில் இந்த வித்தியாசம் இல்லை.

இதைக் குறை என்பதா திறமை என்பதா? அந்த வீட்டுக்குள் அது திறமை. கோபத்தை அரை நொடி முன்னால் பார்த்துவிட்டால் ஒரு அடி மிச்சம். ஆனால் அதே கண்ணோடு வகுப்பறைக்குப் போகிற பிள்ளைக்கு, கணக்கு வாத்தியார் யோசனையில் புருவத்தைச் சுருக்கினாலும் நெஞ்சு படபடக்கிறது. கவனம் கரும்பலகையில் இருப்பதில்லை, வாத்தியாரின் முகத்தில் இருக்கிறது. பத்து மார்க் குறைகிறது. மக்கு என்று பெயர் வருகிறது. அடுத்த ஆபத்து எங்கிருந்து என்று மூளை இடைவிடாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது யாருக்கும் தெரிவதில்லை.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் டாலி பாரம் என்ற நரம்பியலாளர் எலிகளை வைத்து இதன் அடியாழத்தைத் தேடினார். தாய் எலிக்குக் கூடு கட்டக் கொடுக்கும் பொருளைக் குறைத்துவிட்டார்கள். தாய் தவித்துப்போனது. குட்டிகளை நக்குவது, பாலூட்டுவது, அணைப்பது எல்லாம் மொத்தக் கணக்கில் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் துண்டு துண்டானது. நக்க ஆரம்பித்து நடுவில் விட்டு ஓடும், திரும்ப வரும், வேறு எதையோ செய்யும். அந்தக் குட்டிகள் வளர்ந்தபின் நினைவாற்றலில் பின்தங்கின. இன்பம் தரும் விஷயங்களில் ஈடுபாடும் குறைந்தது. பிறகு அவருடைய குழு மனிதத் தாய்மார்கள் ஒரு வயதுக் குழந்தையோடு விளையாடுவதைப் படம்பிடித்து, தொடுதல், பேச்சு, பார்வை எந்த வரிசையில் வருகின்றன என்று கணக்கிட்டது. வரிசை ஊகிக்க முடியாதபடி சிதறியிருந்த வீட்டுக் குழந்தைகள் பள்ளி வயதில் நினைவாற்றல் சோதனையில் சற்றுப் பின்தங்கினார்கள். 2017-இல் வெளிவந்த இந்த ஆய்வைப் படித்தபோது, அன்பின் அளவை மட்டும் அளந்து வந்த நாம் அன்பின் ஒழுங்கைக் கவனிக்கவில்லையே என்று தோன்றியது.

இதைப் படிக்கிற சாதாரணப் பெற்றோர் யாரும் பதறிவிட வேண்டாம். எட்வர்ட் டிரானிக் 1970-களில் செய்த ‘அசையா முகம்’ சோதனை புகழ்பெற்றது. கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய், சொன்னபடி திடீரென்று முகத்தைச் சிலைபோல் வைத்துக்கொள்வாள். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்தும். ஒன்றும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு துவண்டுவிடும். பலருக்கும் தெரிந்தது இதுவரைதான். டிரானிக் சொன்ன மற்றொன்று அவ்வளவாகப் பரவவில்லை. நல்ல நிலையில் இருக்கும் தாயும் சேயும்கூட ஒருவரோடு ஒருவர் இசைந்திருப்பது நூற்றுக்கு முப்பது பங்கு நேரம்தான். மீதி நேரம் முழுக்க இசைவு தவறுவதும் சரிசெய்துகொள்வதுமாகவே போகிறது. அம்மா கத்திவிட்டாள், பத்து நிமிடம் கழித்து வந்து தலையைக் கோதினாள். அந்தக் கோதல் தடுமாறுகிற வீட்டில் வருவதில்லை, அல்லது வருமா வராதா என்பது தெரியாது.

அப்படியானால் அந்தப் பெற்றோர்மேல் பிள்ளைக்கு வெறுப்பு வர வேண்டாமா? ஏன் அந்த ரொட்டிப் பையன் அம்மாவுக்காக ரொட்டியை ஒட்டிப் பிடிக்கிறான்? எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் மனதைப் பிசைந்த ஆய்வு இந்தக் கேள்விக்கானதுதான். ரெஜினா சல்லிவன் என்ற ஆய்வாளர், பிறந்து ஒரு வாரமேயான எலிக்குட்டிகளுக்கு ஒரு வாசனையைக் காட்டி, கூடவே இலேசான மின்னதிர்ச்சி கொடுத்தார். பெரிய எலியாக இருந்தால் ஒருமுறை பட்டதும் அந்த வாசனையைக் கண்டு ஓடும். குட்டிகள் ஓடவில்லை. வலி தந்த வாசனையை நோக்கியே ஊர்ந்து போயின. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு இது. பிறந்த குட்டிக்குக் கண் தெரியாது, காது கேட்காது. தாயின் வாசனை ஒன்றுதான் வழி. தாய் மிதிக்கலாம், கடித்து இழுக்கலாம். அதற்காகத் தாயை வெறுக்கக் கற்றுக்கொண்ட குட்டி பாலில்லாமல் செத்துப்போகும். ஆகவே அந்த முதல் சில நாட்களுக்கு மூளையில் அச்சத்தைக் கற்கும் அமிக்டலா என்ற பகுதி ஒதுங்கி நிற்கிறது. பற்றுதலைக் கற்கும் சுற்று முழுவேகத்தில் இயங்குகிறது. சுமார் பத்து நாள் கழித்து அச்சம் விழித்துக்கொள்கிறது. அப்போதும் தாய் அருகில் இருந்தால் குட்டியின் அழுத்த ஹார்மோன் அடங்கி, பழையபடி பற்றுதலே வெல்கிறது.

எலிதானே என்று விட்டுவிட முடியவில்லை. நிம் டாட்டன்ஹம் என்ற ஆய்வாளர் சல்லிவனோடு சேர்ந்து மழலையர் பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார். ஒரு வடிவத்தைக் காட்டும்போது எரிச்சலூட்டும் பெரும் சத்தம், இன்னொரு வடிவத்துக்குச் சத்தமில்லை. சில பிள்ளைகளுக்கு அப்போது அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருந்தார்கள், சிலருக்கு இல்லை. பிறகு இரண்டு சுரங்கப்பாதைகள். ஒவ்வொன்றின் வாயிலிலும் ஒரு வடிவம். எதில் தவழ்ந்து போவாய்? தனியாகச் சத்தம் கேட்ட பிள்ளைகள் அந்த வடிவத்தைத் தவிர்த்தார்கள். பெற்றோரோடு இருந்து கேட்டவர்கள் அந்த வடிவம் இருந்த பாதையையே நாடினார்கள். 2019-இல் வந்த ஆய்வு. பிள்ளை அன்பு வைப்பதற்குப் பெற்றோர் தகுதிச் சான்றிதழ் காட்ட வேண்டியதில்லை. உயிர் பிழைக்கும் வழியாகவே அன்பு பிள்ளைக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. அடிவாங்கிய பிள்ளை அடித்த அம்மாவின் சேலையையே பிடித்துக்கொண்டு அழுவதை நாம் பார்த்திருக்கிறோம்.

அந்த அன்போடு பொறுப்பும் வந்து சேர்கிறது. தங்கைக்குத் தலை பின்னுவது, அப்பா எங்கே விழுந்து கிடக்கிறார் என்று தேடுவது, அம்மா அழும்போது ஆறுதல் சொல்வது. வயதுக்கு மீறிய பிள்ளை என்று ஊர் பாராட்டும். குடும்ப சிகிச்சையாளர்கள் இந்த நிலையை அரைநூற்றாண்டாகக் கவனித்து வந்திருக்கிறார்கள். கிளாடியா பிளாக் என்ற சிகிச்சையாளர் 1981-இல் எழுதிய நூலில், குடிகாரர் வீட்டுப் பிள்ளைகள் மூன்று எழுதாத சட்டங்களில் வளர்கிறார்கள் என்றார்: பேசாதே, நம்பாதே, உணராதே. இதன் பிறகு அமெரிக்காவில் ஒரு பெரும் அலையே எழுந்தது. குடிகாரரின் வளர்ந்த பிள்ளைகள் இப்படித்தான் இருப்பார்கள் என்று குணப்பட்டியல் போட்ட நூல்கள் இலட்சக்கணக்கில் விற்றன. அவற்றை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும் என்பது என் கருத்து. 1992-இல் மூன்று ஆய்வாளர்கள் அந்தக் குணப்பட்டியலைக் குடிகாரரின் பிள்ளைகளிடமும், அப்படி அல்லாதவர்களிடமும் கொடுத்துப் பார்த்தார்கள். இரு தரப்பினரும் இது என்னைப் பற்றித்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஜோசியர் சொல்வது யாருக்கும் பொருந்துவதைப் போல. வலி உண்மையானது. அதற்கு ஒட்டப்படும் எல்லாப் பெயர்ச்சீட்டுகளும் உண்மையானவை அல்ல.

உடம்புக்கு வருவோம். 1985-இல் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடற்பருமனைக் குறைக்கும் சிகிச்சை மையம் நடத்தினார். அவரைக் குழப்பியது ஒன்றுதான். எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் ஓடினார்கள். ஒவ்வொருவரையும் உட்கார வைத்துக் கேட்டபோது பலரின் சிறுவயதுக் கதைகள் வெளியே வந்தன. பிறகு ராபர்ட் ஆண்டா என்ற ஆய்வாளரோடு சேர்ந்து, 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சிறுவயதுத் துன்பங்களைப் பற்றிக் கேள்வித்தாள் கொடுத்தார். அடி, வசை, பாலியல் கொடுமை, தாய் அடிவாங்குவதைப் பார்த்தது, வீட்டில் குடி, மனநோய், சிறை. 1998-இல் முதல் அறிக்கை வந்தது. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட துன்பங்கள் பட்டவர்களுக்குக் குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து, ஒன்றும் படாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு வரை இருந்தது. இதய நோய், நுரையீரல் நோய்கூட அதிகம். கேட்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் காப்பீடு வைத்திருந்த நடுத்தர வர்க்கத்தினர்.

காரணம் ஓரளவு புரிகிறது. ஆபத்து வரும்போது கார்ட்டிசால் சுரந்து உடம்பைத் தயாராக்குவதும், ஆபத்து போனதும் அடங்குவதும் இயல்பு. எப்போது வரும் என்று தெரியாத வீட்டில் அது அடங்கவே நேரமில்லை. வருடக்கணக்கில் அணையாமல் எரியும் அடுப்பில் பாத்திரம் அடிப்பிடிப்பதைப் போல, இரத்தக் குழாயும் நோய் எதிர்ப்பு மண்டலமும் தேய்கின்றன. ஆனால் இந்தத் துன்பங்களை எண்ணிப் போடும் மதிப்பெண்ணை ஒரு தனிமனிதனின் தலையெழுத்தாக வாசிக்கக் கூடாது என்று 2020-இல் எழுதியவர்களில் ராபர்ட் ஆண்டாவே ஒருவர். கூட்டத்துக்குப் பொருந்தும் கணக்கு ஒரு பிள்ளைக்குப் பொருந்த வேண்டியதில்லை.

நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை என்பது நம் பழமொழி. பெண் பார்க்கப் போகிற இடத்தில் ஒரு குடும்பத்தையே ஒதுக்கித் தள்ளப் பயன்படும் வாசகம். மரபணுவின் பங்கு உண்மைதான். குடிநோயும் மனச்சிதைவும் குடும்பங்களில் தொடர்வதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் பின்லாந்தில் பெக்கா டியெனாரி செய்த தத்துப் பிள்ளைகள் ஆய்வைப் பாருங்கள். மனச்சிதைவு நோயால் மருத்துவமனையில் இருந்த தாய்மார்கள் பெற்று, வேறு வீடுகளுக்குத் தத்துப் போன பிள்ளைகளை அவர் பல்லாண்டு பின்தொடர்ந்தார். சண்டையும் குழப்பமும் நிறைந்த வீட்டில் வளர்ந்தவர்களிடம் நோயின் சாயல் அதிகம். இணக்கமான வீட்டில் வளர்ந்தவர்களிடம், அதே மரபணுச் சுமை இருந்தும், வெகு குறைவு.

மனச்சிதைவுக்கு இன்று உலகம் வழங்கும் மருத்துவப் பெயரைச் சூட்டிய ஆய்கன் பிளாய்லரின் மகன் மான்ஃபிரெட் பிளாய்லர். சூரிச் நகரத்து புர்கோல்ஸ்லி மனநல மருத்துவமனை வளாகத்திலேயே வளர்ந்து, அப்பாவைப் போலவே அதற்குத் தலைவரானவர். 208 நோயாளிகளை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் பின்தொடர்ந்தார். அவர்களுடைய குடும்பங்களையும் அறிந்திருந்தார். கொடும் சூழலில் வளர்ந்த அந்த நோயாளிகளின் பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் மூன்று பேர் மனநலத்தோடு இருந்தார்கள். வேலை பார்த்தார்கள், குடும்பம் நடத்தினார்கள். நோயுற்ற தாயைத் தேடி வந்து பார்த்தும் போனார்கள். தன் வாழ்நாள் முழுக்க நோயைத் தேடிய மருத்துவர், இவர்களின் நலத்தைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார்.

நமது இன்னொரு பழமொழியும் சோதனைக்கு உள்ளானது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? ஹவாயைச் சேர்ந்த கவாய் என்ற தீவு. கரும்பும் அன்னாசியும் விளையும் தோட்டங்கள். ஜப்பானிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் கூலி வேலைக்கு வந்தவர்களின் குடும்பங்கள். 1955-இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் ஆகியோர் 1, 2, 10, 18, 32, 40 என்று வயது வயதாகப் போய்ப் பார்த்தார்கள். வெர்னர் ஜெர்மனியில் பிறந்தவர், இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சுக்கிடையே சிறுவயதைக் கழித்தவர். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு வறுமை, பிரசவச் சிக்கல், குடிக்கும் அல்லது மனநோயுள்ள பெற்றோர், ஓயாத சண்டை என்று துன்பங்கள் அடுக்காக இருந்தன. அந்தப் பிரிவில் மூன்றில் இரண்டு பேர் பத்து வயதுக்குள்ளோ பதினெட்டுக்குள்ளோ சிக்கலில் விழுந்தார்கள். 72 பேர் விழவில்லை. படித்து, தன்னம்பிக்கையும் பிறர்மேல் அக்கறையும் உள்ளவர்களாக வளர்ந்தார்கள்.

அந்த 72 பேருக்கும் பொதுவாக இருந்தவை பெரிய விஷயங்கள் அல்ல. கைக்குழந்தையாக இருந்தபோதே எளிதில் சிரித்து, பிறரைத் தன் பக்கம் ஈர்க்கும் சுபாவம் இருந்தது. வீட்டில் அவர்களை நம்பி ஒப்படைக்கப்பட்ட ஏதோ ஒரு வேலை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மாறாமல் நின்ற ஒரு பெரியவர் இருந்தார். ஒரு பாட்டி, ஒரு அத்தை, மூத்த அக்கா, பக்கத்து வீட்டுக்காரர், வாத்தியார், யாராவது ஒருவர். ஜெனட்டுக்கும் அப்படி ஒருவர் கிடைத்தார். வெல்ச் உயர்நிலைப் பள்ளியின் ஆங்கில ஆசிரியை, பள்ளிப் பத்திரிகையைக் கவனித்துக்கொண்டவர். ஒரு தலைமுறைக்கு முன் அதே ஆசிரியைதான் ஜெனட்டின் அப்பாவுக்கும் பாடம் எடுத்து, உன்னால் முடியும் என்று சொன்னவர். அந்த நன்றியில்தான் அவர் தன் மகளுக்கு அந்த ஆசிரியையின் பெயரை வைத்திருந்தார்.

கவாய் ஆய்வு அங்கே நின்றுவிடவில்லை என்பதுதான் அதன் பெருமை. பதினெட்டு வயதில் சிக்கலில் கிடந்தவர்களில் பெரும்பாலோர் நாற்பது வயதுக்குள் நிமிர்ந்துவிட்டிருந்தார்கள். சிலருக்குச் சமுதாயக் கல்லூரி திரும்பக் கதவைத் திறந்தது. சிலருக்கு இராணுவ வேலை, சிலருக்கு நல்ல துணை, சிலருக்குத் தேவாலயம், சிலருக்கு உயிருக்கே வந்த நோயிலிருந்து மீண்டது. இரண்டாம் வாய்ப்பு என்பது வெறும் ஆறுதல் பேச்சில்லை என்பதற்கு நாற்பது ஆண்டுத் தரவு இருக்கிறது.

ஆனாலும் தப்பித்தவர்களைக் கொண்டாடி முடித்துவிடக் கூடாது. ஜார்ஜியா மாநிலத்தின் கிராமப்புறக் கறுப்பின இளைஞர்களை ஆராய்ந்த ஜீன் பிராடி, துன்பத்தில் வளர்ந்தும் தன்னடக்கத்தோடு படித்து மேலே வந்தவர்களின் இரத்த அழுத்தத்தையும் அழுத்த ஹார்மோன்களையும் அளந்தார். வெளியே எல்லாம் சீராக இருந்தது. உள்ளே உடம்பு களைத்திருந்தது. தோலளவு மீள்திறன் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். வெர்னரும், தப்பித்து வந்தவர்களில் சிலர் தங்கள் பெற்றோரிடமிருந்தும் உடன்பிறந்தவர்களிடமிருந்தும் விலகியே வாழ்ந்ததைக் குறித்து வைத்திருக்கிறார். மூழ்குபவரைப் பிடித்திருந்தால் தானும் மூழ்கிவிடுவோம் என்ற பயம் அது. குடும்பத்தைத் தலைமேல் தூக்கி நிறுத்துகிற மூத்த பிள்ளையை நாம் மெச்சுகிறோம். முப்பது வயதில் அவனுக்கு இரத்த அழுத்தம் பார்க்க யாரும் சொல்வதில்லை.

அடுத்த தலைமுறைக்கு இது போகுமா? பெர்க்லியில் மேரி மெயினும் அவருடைய சகாக்களும் 1980-களில் ஒரு நேர்காணல் முறையை உருவாக்கினார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம். உங்கள் சிறுவயதில் அம்மாவோடு உங்களுக்கு இருந்த உறவைச் சொல்ல ஐந்து சொற்கள் கொடுங்கள் என்று கேட்பார்கள். பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சம்பவம். ‘பாசமானவள்’ என்று சட்டென்று சொல்லிவிடுபவர் சம்பவம் கேட்டால் தடுமாறலாம். இன்னொருவர் கேள்வியை மறந்து, நேற்று நடந்ததைப் போல ஆத்திரத்தில் மூழ்கிவிடலாம். வேறொருவர், அம்மா பயமுறுத்துவாள், ஆனால் அவளுக்கும் அப்போது யாரும் இல்லை என்று நிதானமாக, அழுதபடியேகூட, கோவையாகச் சொல்லிக்கொண்டு போகலாம். லண்டனில் பீட்டர் ஃபோனகியும் சகாக்களும் கர்ப்பிணிகளிடம் இந்த நேர்காணலைச் செய்து, பிறந்த குழந்தைக்கு ஒரு வயதானதும் தாயோடு அதன் பிணைப்பைச் சோதித்தார்கள். 1991-இல் வந்த முடிவின்படி நான்கில் மூன்று பங்கு பொருந்தியது. சிறுவயது எவ்வளவு கொடுமையாக இருந்தது என்பதைவிட, அதை எவ்வளவு நேராகச் சொல்ல முடிகிறது என்பதே குழந்தையின் பிணைப்பை முன்கூட்டிக் காட்டியது. துன்பப்பட்டும் கோவையாகச் சொல்ல முடிந்தவர்களின் பிணைப்பை ‘சம்பாதித்த பாதுகாப்பு’ என்கிறார்கள். பேசாதே என்ற சட்டத்தில் வளர்ந்தவர் தன் கதையைப் பேசிப் பேசிச் சேர்த்த சொத்து அது. ஒரு துணையிடமோ சிகிச்சையாளரிடமோ பழைய சிநேகிதியிடமோ தொடங்குகிறது அந்தப் பேச்சு.

ஜெனட் வால்ஸின் புத்தகம் ஒரு டாக்ஸியில் தொடங்குகிறது. விருந்து ஒன்றுக்காக நன்றாக உடுத்திக்கொண்டு நியூயார்க் தெருவில் போய்க்கொண்டிருக்கிறார். ஜன்னல் வழியே பார்த்தால் தெருவோரக் குப்பைத் தொட்டியில் அம்மா எதையோ கிளறிக்கொண்டிருக்கிறார். மகள் இருக்கையில் சரிந்து ஒளிந்துகொள்கிறார். வண்டியைத் திருப்பச் சொல்லி வீட்டுக்குப் போய்விடுகிறார். பள்ளிக் கழிப்பறையில் ஒளிந்த அதே பெண். சில நாட்களுக்குப் பின் தாயும் மகளும் ஒரு சீன உணவகத்தில் சந்திக்கிறார்கள். என் பெற்றோரைப் பற்றி யாராவது கேட்டால் நான் என்ன சொல்லட்டும் என்று மகள் கேட்கிறார். உள்ளதை உள்ளபடி சொல்லிவிடு என்கிறார் அம்மா. அவருக்கு அதில் எந்தச் சங்கடமும் இருக்கவில்லை. இத்தனை வருடமும் மகள்தான் மறைத்துக்கொண்டிருந்தார்.

மகள் சொன்னார். தீப்பிடித்த உடை, வெள்ளி கிரகம், குப்பை நிறைந்த அஸ்திவாரக் குழி, எல்லாவற்றையும் எழுதினார். பின்னாளில் வர்ஜீனியாவில், தன் நிலத்திலேயே அம்மாவைக் குடிவைத்துக்கொண்டார்.